வலிக்கும் விரலுக்கு ஏற்ற வாத்தியம்

கைமூட்டுகளில் வாதம் வந்த பிறகு இசைக்கருவி கற்க உட்காருகிறவர்கள் எதை எதிர்பார்க்கலாம், எதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்?

வீணையில் மத்திய ஸ்தாயி ஸட்ஜத்துக்கு விரலே தேவையில்லை. சாரணித் தந்தியைத் திறந்தபடி மீட்டினால் போதும், ‘ஸ’ ஒலிக்கும். சிக்கல் ‘ரி’யில் தொடங்குகிறது. இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து எஃகுத் தந்தியை மெட்டின் மேல் அழுத்த வேண்டும். அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் ஒலி பிசிறும். முதல் சரளி வரிசையை ஒரு தடவை ஏறி இறங்கினால் 16 ஸ்வரங்கள். கீழ் ஸட்ஜம் இரண்டைக் கழித்தால் 14 அழுத்தங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விரல்நுனி எரிச்சலோடு முடிந்துவிடும். இரண்டு வாரத்தில் நுனி காய்த்துப் போகும். ஐம்பத்தைந்து வயதில், நகத்துக்குக் கீழே இருக்கும் மூட்டு புடைத்து, காலையில் டம்ளரைப் பிடிக்கவே யோசிக்கும் ஒருவருக்கு அந்த 14 அழுத்தங்களும் வேறு கணக்கு. எரிச்சல் தோலோடு நிற்காமல் மூட்டுக்குள் இறங்குகிறது. மறுநாள் வகுப்புக்குப் போகலாமா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிள்ளைகளை ஆளாக்கிய பிறகு, சிறுவயதில் விட்டுப்போன வீணையையோ வயலினையோ கீபோர்டையோ எடுப்பவர்கள் இன்று ஏராளம். கொரோனாக் காலத்தில் பரவிய இணைய வகுப்புகள் அந்த ஆசைக்கு வழி திறந்துவிட்டன. ஆசை நிறைவேறும் வயதும் கைமூட்டு தேயும் வயதும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. ‘இந்தக் கையோடு இனி எதற்கு?’ என்று வீட்டில் கேட்பார்கள். ‘விடாமல் வாசித்தால் தானாகச் சரியாகிவிடும்’ என்று வகுப்பில் சொல்வார்கள். இரண்டுமே கையைப் பார்க்காமல் சொல்லப்படும் பதில்கள்.

எந்த மூட்டு, எந்த வாதம்

ஒரு கையில் 27 எலும்புகள். நான்கு விரல்களுக்கும் தலா மூன்று மூட்டுகள்: நகத்தை ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று, முட்டியில் ஒன்று. கட்டைவிரல் தனி வகை. அதன் அடிமூட்டு மணிக்கட்டுக்கு அருகில், சேணம் போன்ற வடிவில் இருக்கிறது. அந்த அமைப்பால்தான் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக வந்து நின்று எதையும் பிடிக்க முடிகிறது.

‘வாதம்’ என்ற ஒரே பெயரில் சொல்லப்படும் நோய்கள் இந்த மூட்டுகளை வெவ்வேறு விதமாகப் பிடிக்கின்றன. வயதோடு வரும் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் நகத்தை ஒட்டிய மூட்டு, நடுமூட்டு, கட்டைவிரலின் அடிமூட்டு ஆகியவற்றில் உட்காரும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படும். நகத்தருகே எழும் எலும்புப் புடைப்புகளை 18ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவரின் பெயரில்தான் அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும்.

முடக்குவாதத்தின் போக்கு நேர்மாறு. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்குவதால் முட்டி மூட்டுகளும் நடுமூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கும், அதுவும் பெரும்பாலும் இரு கைகளிலும் ஒரே மாதிரி. நகத்தை ஒட்டிய மூட்டை அது பொதுவாக விட்டுவிடும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். கை அசைய அசையத் தளரும். ஆண்களைப் போல இரண்டு, மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிறது. முப்பது, நாற்பது வயதிலும் வரும். சோரியாசிஸ் தோல்நோயோடு சேர்ந்து வரும் வாதம் நகத்தை ஒட்டிய மூட்டையும் நகத்தையும் சேர்த்தே கெடுக்கும்.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று சிக்குன்குனியா. 2006இல் தென்னிந்தியாவில் பரவிய கொள்ளைநோயில் காய்ச்சல் சில நாட்களில் இறங்கிய பிறகும், விரல்களிலும் மணிக்கட்டிலும் மாதக்கணக்கில் வலி தங்கியவர்கள் பலர். மற்றது சர்க்கரை நோய். பல ஆண்டு நீடித்த சர்க்கரையால் கைத்தோலும் தசைநாண்களும் தடித்து விரல்கள் நீட்ட வராமல் போகும். கைகூப்பி வணக்கம் வைக்கும்போது இரு உள்ளங்கைகளும் விரல்களும் முழுதாக ஒட்டவில்லை என்றால் மருத்துவர்கள் இதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். இது வாதமே இல்லை. ஆனால் வகுப்பில் ‘வாதக் கை’ என்றுதான் பெயர் வாங்கும்.

இந்த வேறுபாடு கற்பவருக்கு ஏன் முக்கியம்? தேய்மானத்தில் அளவான அசைவு கெடுதல் செய்வதில்லை. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது உள்ளிருக்கும் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. முடக்குவாதம் சீறும் நாட்களிலோ, வீங்கிய மூட்டின் மேல் சுமையை ஏற்றுவது தசைநாண்களையும் மூட்டுக் கட்டுகளையும் இழுத்துத் தளர்த்திவிடும். ‘வலித்தாலும் விடாதே’ என்ற அறிவுரை முதலாமவருக்கே பாதிதான் பொருந்தும். இரண்டாமவருக்கு அது ஆபத்து.

[பெட்டிச் செய்தி]
வாத்தியத்துக்கு முன் மருத்துவர்
• முட்டி மூட்டுகள் வீங்கி, கையைக் குறுக்காக அழுத்தினால் வலித்தால்
• காலை விறைப்பு ஒரு மணி நேரம் தாண்டினால்
• இரவில் விரல்கள் மரத்துப் போனால் (இது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம்)
• விரல் மடங்கி ‘டக்’கென்று சிக்கி நின்றால் (இது தசைநாண் உறையில் வரும் இறுக்கம்)
முடக்குவாதத்துக்கு முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம். சரளி வரிசை ஒரு மாதம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

பிடிப்பதா, அழுத்துவதா, தொடுவதா

எந்த வாத்தியம் எளிது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த மூட்டு வலிக்கிறது என்பதை வைத்துத்தான் விடை மாறும்.

கட்டைவிரல் அடிமூட்டை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நுனியில் ஒரு கிலோ விசையோடு கிள்ளினால், அடிமூட்டுக்குள் ஏறத்தாழ 12 கிலோ அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது என்று 1970களிலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். சாவியைத் திருப்பும்போது கத்த வைக்கும் வலிக்கு இதுதான் காரணம். கிட்டாரில் இடது கை செய்வது விடாத கிள்ளல். கழுத்தின் பின்னால் கட்டைவிரல், முன்னால் நான்கு விரல்கள். ஒரே விரலால் ஆறு தந்திகளையும் குறுக்கே அழுத்தும் ‘பார்’ பிடியில் இந்தச் சுமை உச்சத்துக்குப் போகும். அடிமூட்டு தேய்ந்தவர் புதிதாகத் தொடங்குவதற்கு எஃகுத் தந்திக் கிட்டாரை விட மோசமான தேர்வு கிடைப்பது அரிது.

கர்நாடக வயலினில் நிலைமை சற்று மேல். மேற்கத்திய முறையில் நின்று வாசிப்பவர் கருவியைத் தோளும் தாடையும் கையுமாகத் தாங்க வேண்டும். கர்நாடக முறையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையை வலது கால் கணுக்காலருகே ஊன்றிவிடுவதால் இடது கைக்குத் தாங்கும் வேலை இல்லை. விரல்கள் தந்தியில் தடையில்லாமல் வழுக்கும். வில் பிடிக்கும் வலது கட்டைவிரல்தான் அங்கே பிரச்சினை. வில்லின் அடியில் ரப்பர்க் குழாய் செருகிப் பிடியைத் தடிமனாக்கினால் கிள்ளும் விசை குறையும். பேனாவைத் தடிமனாக்கும் அதே உபாயம்தான்.

கீபோர்டில் கிள்ளலே இல்லை. விரல் மேலிருந்து இறங்கினால் போதும். நல்ல பியானோவில் ஒரு கட்டையை இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை தேவை. சாதாரண மின்னணுக் கீபோர்டுகளின் கட்டைகள் இன்னும் இலேசானவை. பியானோவில் ஒரு ஸ்தாயியின் அகலம் 16 சென்டிமீட்டரைத் தாண்டும், ஸ்வரக்கூட்டுகளுக்கு விரலை விரிக்க வேண்டும் என்பது உண்மை. நம்மூர்ச் சங்கீதம் ஒற்றை வரியில் ஓடும் சங்கீதம். கர்நாடக உருப்படியோ திரைப்பாட்டு மெட்டோ வாசிக்கிறவருக்கு அந்த விரிப்பு தேவைப்படுவதே இல்லை. கமகம் வராது என்று கீபோர்டைக் கேலி செய்யும் வித்வான்கள் உண்டு. கேலியில் நியாயம் இருக்கிறது. ஆனால் விரல் விட்டுவைத்திருக்கும் வாத்தியம் அதுவென்றால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆர்மோனியத்தின் கட்டைகளும் இலேசு, ஆனால் துருத்தியை இடைவிடாமல் தள்ளும் இடது மணிக்கட்டு சேதி சொல்லிவிடும்.

புல்லாங்குழலில் அழுத்தம் மிகக் குறைவு. துளையைக் காற்று கசியாமல் மூடினால் போதும். அதற்கும் நுனியை விட விரல்சதையே வசதி. அங்கே இடைஞ்சல் துளைகளின் இடைவெளி. சுருதி தாழத் தாழக் குழல் நீளும், துளைகள் விலகும். இரண்டு கட்டைக் குழலில் விரியாத விரல்கள் ஐந்து கட்டைக் குழலில் சுலபமாக உட்காரும். தொடங்குகிறவர் உயர்ந்த கட்டையில் தொடங்குவதே கைக்கு நல்லது. அடிக்கும் வாத்தியங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் மூட்டில் விழும் ஒரு அடி. வீக்கம் இருக்கும் கைக்கு அது வேண்டாம்.

அழுத்தவே முடியாத விரல்களுக்கும் தந்தி வாத்தியம் உண்டு. கோட்டுவாத்தியம் எனப்படும் சித்திரவீணையில் மெட்டு கிடையாது. இடது கையில் பிடித்த உருளைக் கட்டை தந்தியின் மேல் வழுக்கிச் செல்லும். விஸ்வ மோகன் பட் உருவாக்கிய மோகன வீணையும் இதே வழியில், தொடையில் கிடத்திக் கட்டையால் வழுக்கி வாசிக்கும் கிட்டார்தான். விரல்நுனி மூட்டு தேய்ந்து, பிடி மட்டும் மிஞ்சியிருப்பவருக்கு இது வாய்ப்பான வாசல். சுத்த ஸ்வரம் பிடிபட நல்ல காது வேண்டும் என்பதால் ஆசிரியர்கள் தொடக்க மாணவருக்கு இதைச் சொல்வதில்லை. காது பழகும், மூட்டு பழகாது.

கட்டையைக் குறைத்தால்

வாத்தியம் முடிவான பிறகும் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இங்கே கர்நாடக இசைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மேற்கத்திய இசைக்குழுவில் சுருதி எல்லோருக்கும் பொது. நம் இசையில் ஆதார ஸட்ஜம் அவரவர் விருப்பம்.

ஒரே தந்தியில், ஒரே நீளத்தில், இழுவிசை என்பது ஒலியின் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். நான்கு கட்டையில் கூட்டிய வீணையை மூன்று கட்டைக்கு, அதாவது அரை ஸ்வரம் இறக்கினால், தந்தியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். ஐந்திலிருந்து நான்குக்கு, ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் குறைவு சுமார் 21 சதவீதம். மெட்டின் மேல் தந்தியை அழுத்தும் விரலுக்கு அந்த அளவு ஓய்வு. இதற்குச் செலவு எதுவும் இல்லை. பிருடையைக் கொஞ்சம் தளர்த்துவதுதான்.

இதில் ஒரு எதிர்விளைவும் உண்டு. தளர்ந்த தந்தியைச் சற்று அதிகமாக இழுத்தாலும் சுருதி தாண்டிவிடும். ரொம்பத் தளர்ந்தால் மெட்டில் மோதி இரையும். எனவே அரை ஸ்வரம், ஒரு ஸ்வரம் என்று படிப்படியாக இறக்கிப் பார்ப்பது நல்லது. மெலிந்த தந்தி மாற்றுவது இரண்டாவது வழி. மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள உயரத்தைக் குறைப்பது மூன்றாவது வழி. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை என்பதால் கைதேர்ந்த வீணைக் கைவினைஞர் இதைச் செய்து தருவார். மெழுகு இளகி மெட்டு மேடுபள்ளமான பழைய வீணையை வைத்துக்கொண்டு விரலைக் குறை சொல்பவர்கள் நிறைய.

கிட்டாரிலும் இந்தக் கணக்கே. எஃகுத் தந்தி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேல் இழுக்கும். நைலான் தந்திக் கிட்டாரில் மொத்தம் 40 கிலோவை ஒட்டியே வரும். நான்கே நைலான் தந்திகளும் பாதி நீளமும் கொண்ட உகுலேலே இன்னும் எளிது.

சுருதி கூட்டுவதே பலருக்கு வாசிப்பதை விட வலிக்கும். இறுகிய பிருடையைத் திருகுவது அடிமூட்டுக்கு மிகக் கடினமான வேலை. வயலினில் நுண்திருகு பொருத்தலாம். வீணையில் நாகபாசத்தருகே உள்ள வளையங்களை நகர்த்தி நுண்சுருதியைச் சரிசெய்யலாம். பெரிய திருத்தத்தை மட்டும் வேறொருவர் கையில் விடலாம். வீணையைச் சுவரிலிருந்து தூக்கி வைப்பதும் அவ்வாறே.

விடியற்காலை சாதகம் வேண்டாம்

பொழுது விடியுமுன் எழுந்து சாதகம் செய்வதே நம் இசைக் கல்வியின் பெருமை. முடக்குவாதக் கைக்கு அதைவிடப் பொருந்தாத நேரம் வேறில்லை. மூட்டை வீங்கச் செய்யும் வேதிப்பொருட்கள் ரத்தத்தில் பின்னிரவில் கூடி விடியலில் உச்சத்தில் இருக்கும்; காலை விறைப்பு அந்த ஏற்றத்தின் விளைவுதான். குரலுக்கு நல்லதென்று வகுத்த நேரத்தை விரலுக்கும் திணிப்பதில் அர்த்தமில்லை. காலை பத்து மணிக்கு மேல், அல்லது மாலை, கை தளர்ந்த பிறகு உட்கார்வதே சரி. அதற்கு முன் ஐந்து, பத்து நிமிடம் வெந்நீரில் கையை வைத்து, விரல்களை மெல்ல மடக்கி விரித்தால் முதல் வரிசையே இலகுவாக வரும். மார்கழியில் ஏசி அறையில் நேராக வாத்தியத்தைத் தொடுவது கைக்கு உதவாது.

நேரத்தை நறுக்குவது அடுத்தது. முக்கால் மணி நேரம் ஒரே இருப்பாக வாசிப்பதற்குப் பதில், பதினைந்து நிமிடம் மூன்று தடவை. வலியை அளக்க மூட்டு மருத்துவத்தில் ஒரு நடைமுறை விதி உண்டு: வாசித்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி வழக்கத்தை விடக் கூடுதலாக இருந்தால், அன்று செய்தது அதிகம்; மறுநாள் குறைக்க வேண்டும். வாசிக்கும்போது வலித்ததா என்பதை விட இதுவே நம்பகமான அளவுகோல்.

மருந்தும் வகுப்பு அட்டவணைக்குள் வரும். முடக்குவாதத்துக்கு முதலில் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மாத்திரை. அதைத் தவறாகத் தினமும் விழுங்கி உயிராபத்துக்கு உள்ளானவர்கள் உண்டு. மாத்திரைக்கு மறுநாள் சோர்வும் குமட்டலும் பலருக்கு வரும். அந்த நாளில் வகுப்பு வைக்காமல் இருப்பது ஆசிரியர் செய்யக்கூடிய மிகச் சிறிய, மிகப் பயனுள்ள உதவி. தேய்மானத்துக்கு மாத்திரையை விட மேலே பூசும் வலிநிவாரணக் களிம்பையே முதலில் தரும்படி ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. கட்டைவிரல் மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் அணையும் அதில் உண்டு. களிம்பு பூசிய விரலோடு உடனே தந்தியைத் தொட்டால் வழுக்கும். வாசித்த பிறகு பூசிக்கொள்ளலாம்.

[பெட்டிச் செய்தி]
சொடக்கு எடுத்தால் வாதம் வருமா?
அம்மா திட்டியதைச் சோதிக்க, டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் இடது கையில் மட்டும் ஐம்பது ஆண்டுகள் சொடக்கு எடுத்துவந்தார். வலது கையை விட்டுவிட்டார். இரு கைகளிலும் வாதம் இல்லை, வேறுபாடும் இல்லை என்று 1998இல் எழுதினார். 2009இல் அவருக்கு இக்-நோபல் என்ற நையாண்டிப் பரிசு கிடைத்தது. ஒரே ஆளின் இரண்டு கைகள் அறிவியல் ஆய்வுக்குப் போதாது என்றாலும், சொடக்கால் வாதம் வரும் என்பதற்குப் பிற ஆய்வுகளிலும் ஆதாரம் கிடைக்கவில்லை.

கை ஓய்வெடுக்கும் நாளில் பாடம்

நோய் சீறும் வாரங்களில் வாத்தியத்தைத் தொடக் கூடாது. பலர் கற்பதை ஒரேயடியாக விட்டுவிடுவது இந்த இடைவெளியில்தான். இரண்டு வாரம் விட்டுப்போனது இரண்டு மாதமாகும். பிறகு வீணைக்கு உறை போட்டுவிடுவார்கள்.

கர்நாடக முறையில் இந்த இடைவெளியை நிரப்ப ஏற்கெனவே வழி இருக்கிறது. வாத்தியம் கற்பவரும் முதலில் பாட வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. ஸ்வரத்தை வாயால் பாடி, தாளத்தைக் கையில் போட்டு, பிறகே தந்தியில் தேடுவார்கள். விரல் ஓய்வெடுக்கும் வாரத்தில் அடுத்த கீதத்தின் ஸ்வரத்தைப் பாடி மனப்பாடம் செய்துவிட்டால், வாத்தியத்துக்குத் திரும்பும் நாளில் விரலுக்கு மிஞ்சும் வேலை பாதிதான். லகுவுக்குச் சுண்டுவிரலிலிருந்து எண்ணுவதும் வலித்தால் தொடையில் தட்டினால் போதும். மிருதங்கம் கற்க ஆசைப்பட்டு, கை இடம் தராதவருக்குக் கொன்னக்கோல் முழு வித்தையாகவே இருக்கிறது. அதே சொற்கட்டு, அதே கணக்கு, எல்லாம் நாக்கில்.

பாடத்தின் வரிசையும் மாறலாம். சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம் என்ற ஏணியில் ஒவ்வொரு படியையும் மூன்று காலத்திலும் வாசித்த பிறகே அடுத்தது என்பது வழக்கம். தேய்ந்த மூட்டுக்கு மூன்றாம் காலம் எட்டாமலே போகலாம். அதற்காக ஒருவரை இரண்டு ஆண்டு சரளியிலேயே நிறுத்திவைக்கும் ஆசிரியர் அவருக்குச் சங்கீதமே சொல்லித் தரவில்லை. இரண்டாம் காலத்தோடு முடித்து, எளிய கீதத்துக்கும் சின்னக் கீர்த்தனைக்கும் போய்விடலாம். விளம்ப காலமே இவர்களுக்கு எளிது என்று நினைப்பதும் தவறு. வீணையில் மெதுவான ராகத்தின் கமகத்துக்குத் தந்தியைக் குறுக்கே இழுக்க வேண்டும், மூட்டுக்கு ஆகப் பெரிய சுமை அதுதான். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் நின்று பல ஸ்வரங்களை இழுத்தெடுத்த பாணியைப் புடைத்த விரலோடு முயல்வது வீண். இழுப்பதற்குப் பதில் மெட்டிலிருந்து மெட்டுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவால் ராகத்தின் சாயலைக் கொண்டுவரலாம். மத்திம காலக் கீர்த்தனைகள் பலவற்றுக்கு அது போதும்.

ஆசிரியரும் வீடும்

இவ்வளவையும் செய்ய முதலில் ஆசிரியரிடம் நோயைச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் சொல்வதில்லை. சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம் ஒன்று. சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள் என்ற கூச்சம் மற்றொன்று. விளைவு, ஆசிரியர் ‘சாதகம் போதாது’ என்று அதிகமாக வாசிக்கச் சொல்கிறார். மாணவர் வலியை மறைத்து வாசிக்கிறார். மாதம் தாண்டுமுன் வகுப்பு நிற்கிறது.

முதல் வகுப்பிலேயே எந்த விரல், எந்த மூட்டு, எந்த நேரம் என்று காட்டிவிட்டால் ஆசிரியர் விரலடவை மாற்றிச் சொல்லித் தர முடியும். ஆள்காட்டி விரலுக்குப் பதில் நடுவிரலை முன்னிறுத்தலாம். வயலினில் சுண்டுவிரல் வேலையை மோதிர விரலை நகர்த்தி முடிக்கலாம். பாணி கெட்டுவிடும் என்று தயங்குகிறவர்கள், மேடைக்குப் போகும் மாணவருக்கும் மாலை நேர மகிழ்ச்சிக்கு வாசிப்பவருக்கும் ஒரே அளவுகோல் தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கூட்டு வகுப்பு இவர்களுக்கு ஒத்துவராது; பத்துப் பேரின் வேகத்துக்கு ஓடும்போது கை தன் வரம்பைத் தாண்டிவிடும்.

வீட்டுக் கணக்கும் உண்டு. பெண்களின் விரல்கள் வாத்தியத்திடம் வருமுன்பே தேங்காய் துருவி, துணி பிழிந்து, மாவு பிசைந்து களைத்துவிடுகின்றன. துணி பிழிவது மூட்டை முறுக்கும் வேலை. அதை இயந்திரத்திடமோ வீட்டில் வேறொருவரிடமோ விட்டால் மிஞ்சும் சக்தியில் ஒரு வர்ணம் வாசிக்கலாம். வாசிப்பதைக் குறைக்கச் சொல்லும் குடும்பங்கள் பிழிவதைக் குறைக்கச் சொல்வதில்லை.

மேதைகள் இழந்தது

ஸ்பெயினில் பிறந்த செல்லோ மேதை பாப்லோ காசல்ஸைத் தொண்ணூறாவது பிறந்தநாளுக்குச் சற்று முன் போர்ட்டோ ரிக்கோவில் சந்தித்த அமெரிக்க எழுத்தாளர் நார்மன் கசின்ஸ், அந்தக் காலை நேரத்தை 1979இல் வெளியான தன் நூலில் விவரித்திருக்கிறார். உடை மாற்றவும் உதவி தேவைப்பட்ட, வீங்கி மடங்கிய கைகளோடு கிழவர் பியானோ முன் அமர்கிறார். பாக்கின் இசையில் விரல்கள் மெல்ல விரிந்து ஓடத் தொடங்குகின்றன. அற்புதமாகவே அதைச் சொல்கிறார் கசின்ஸ். எண்பது ஆண்டுப் பழக்கம் விரலில் ஊறிய ஒருவரின் கை அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்கப் பியானோ கலைஞர் பைரன் ஜேனிஸுக்கு 1973இல் இரு கைகளிலும் மணிக்கட்டுகளிலும் சோரியாசிஸ் வாதம் கண்டது. கச்சேரி வாய்ப்புகள் போய்விடும் என்று பன்னிரண்டு ஆண்டுகள் வெளியே சொல்லாமல் வாசித்தார். 1985இல் வெள்ளை மாளிகைக் கச்சேரியை ஒட்டித்தான் அது ஊரறிந்தது. பிறகு வாத நோயாளிகளுக்காகப் பேசும் குரலாகவே மாறினார், 2024இல் மறைந்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ், தன் விரல்களின் வாதம் வலி தரவில்லை, வாசிக்கும் முறையைத்தான் மாற்றவைத்தது என்று 2023இல் கூறினார்.

இவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் புதிதாகக் கற்பவர் சோர்வதும் உண்டு, வீறாப்பு கொள்வதும் உண்டு. இரண்டும் பொருந்தாது. ஜேனிஸ் ஆயிரக்கணக்கான மணி நேரம் பழகிய விரலடவைக் கலைத்து வேறொன்றைப் பழக வேண்டியிருந்தது. இழந்த வேகத்தை ஒவ்வொரு நாளும் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்தில் தொடங்குகிறவரிடம் கலைக்க எதுவும் இல்லை. இன்றைய கைக்கு ஏற்ற பிடியையே முதல் பிடியாகக் கற்கலாம். இந்த நோயோடு இசையைத் தொடுவோரில் அவர்தான் வசதியான இடத்தில் இருக்கிறார்.

பலன் உண்டா?

வாத்தியம் வாசித்தால் வாதம் குணமாகும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் முறையான கைப்பயிற்சி பலன் தருகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. பிரிட்டனில் 17 மையங்களில் முடக்குவாதம் கொண்ட 490 பேரை வைத்து நடந்த சாரா ஆய்வு 2015இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மருந்தோடு, ஒவ்வொருவருக்கும் ஏற்ப வகுத்த விரல் நீட்டல், வலுவூட்டல் பயிற்சிகளையும் செய்தவர்களின் கை இயக்கம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட ஓராண்டுக்குப் பிறகும் மேம்பட்டிருந்தது, வலி கூடவில்லை. வாத்தியத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் சிறியவை. தேய்மானம் கொண்ட முதியவர்கள் நால்வரைக் கீபோர்டு வாசிக்கவைத்து 2001இல் வெளியான ஆய்வு அவற்றில் ஒன்று. நால்வரை வைத்து யாருக்கும் வாக்குறுதி கொடுக்க முடியாது. உடற்பயிற்சியைப் பத்தாம் நாள் விட்டுவிடுகிறவர் பாட்டுக்காகத் தினமும் விரலை அசைப்பார் என்பதுதான் வாத்தியத்துக்குச் சாதகமான வலுவான வாதம்.

கத்தி வைக்க வேண்டி வந்தால்

மருந்தும் அணையும் ஊசியும் கைகொடுக்காத மூட்டுகளுக்கு அறுவை சிகிச்சை உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைத் துறை நாட்டுக்கே முன்னோடி. ஏழை நோயாளிக்கும் அந்த வசதி அங்கே எட்டும் தூரத்தில் இருக்கிறது. கட்டைவிரல் அடிமூட்டில் தேய்ந்த சிற்றெலும்பையே அகற்றிவிடும் சிகிச்சை வலியை நன்றாகக் குறைக்கும். பிடிவலு திரும்பப் பல மாதங்கள் ஆகும். நகத்தை ஒட்டிய மூட்டைப் பெரும்பாலும் அசையாமல் இணைத்துவிடுவார்கள். வலி போகும், மடக்கமும் போகும்.

வாத்தியம் வாசிப்பவர் அறுவைக்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டியது இதைத்தான். இணைக்கப்படும் மூட்டு எந்தக் கோணத்தில் நிற்கும் என்பது ஒருமுறை முடிவானால் முடிவானதுதான். நேராக நின்றால் கீபோர்டுக்கும் குழலுக்கும் ஒத்துவரும் விரல், தந்தியை மெட்டில் அழுத்தச் சற்று வளைந்திருக்க வேண்டும். வாத்தியத்தை, அல்லது அதைப் பிடிக்கும் விதத்தை எடுத்த ஒரு படத்தை, ஆலோசனைக்கே கொண்டுபோய் எந்த விரல் எங்கே எப்படி விழுகிறது என்று காட்டினால் கோணத்தை அதற்கேற்ப வகுக்க முடியும். நடுமூட்டுக்கு இணைப்பை விடச் செயற்கை மூட்டு ஏற்றதா என்பதும் அதே சந்திப்பில் கேட்க வேண்டியது. முட்டி மூட்டுகளுக்கும் நடுமூட்டுகளுக்கும் சிலிக்கோன் மூட்டுகள் 1960களிலிருந்து பயன்பாட்டில் உள்ளன. அவை அசைவைத் தக்கவைக்கும், ஆனால் பக்கவாட்டு விசையைத் தாங்காது. தந்தியைக் குறுக்கே இழுக்கும் வீணைக்காரருக்கு அது குறை. மேலிருந்து கட்டையை இறக்கும் கீபோர்டுக்காரருக்குப் பெரும்பாலும் குறையில்லை.